ஆறு டன் ஜாக்கியும் சிரட்டை அகப்பையும்

எங்கள் வீட்டில் சாம்பார் அள்ளாத அகப்பை ஒன்று உண்டு. முற்றிய தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் காம்பு. அத்தை கல்யாணமாகி வந்தபோது சீரோடு வந்தது. 11 வருடத்துக்கு முன்னால் அதை நான் அடுக்களையிலிருந்து கடத்தினேன். அன்றிலிருந்து அதன் முதுகுதான் என் அச்சு இயந்திரம். லினோ என்ற விரிப்புத் துண்டில் படத்தைச் செதுக்கி, அதன் மேல் மை உருட்டி, தாளை விரித்து, அதன் மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து, சிரட்டையின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்து, மை ஏறாத இடத்தில் இன்னும் நாலு தேய்ப்பு. இதற்கென்றே செய்த ஜப்பானிய 'பாரென்' ஒன்றை வாங்கியும் பார்த்தேன். என் கைக்கு அது சிரட்டைக்கு ஈடாகவில்லை.

சென்ற ஆடியில் வலது தோள் மக்கர் செய்தது. தலை வாரக் கை தூக்க முடியவில்லை. எலும்பு மருத்துவர் ஆறு வாரம் ஓய்வு என்றார். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டதற்கு, "அகப்பையால தேய்க்கிறேன் டாக்டர்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஓய்வு முடிந்த கையோடு, புரட்டாசிக் கடைசியில், ஆர்டர் வந்தது. பக்கத்துக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் வருடா வருடம் வாடிக்கையாளர்களுக்குத் தேதி கிழிக்கும் காலண்டர் கொடுப்பார். இந்த முறை சாமி படத்துக்குப் பதிலாக என் கையால் அடித்த படம் 100 வேண்டும், முக்கியமான ஆட்களுக்கு மட்டும் கொடுக்க. மார்கழி பிறந்த முதல் வாரத்தில் தந்துவிட வேண்டும். படத்தின் அளவு 20 சென்டிமீட்டருக்கு 30. இரண்டு வண்ணம்.

சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த அளவில் ஒரு பிரதி தேய்க்க எனக்குக் கால் மணி நேரம். 100 பிரதிக்கு, ஒரே வண்ணத்துக்கு, 25 மணி நேரம். ஆறு வாரம் முன்னால் கை தூக்க முடியாமல் கிடந்த தோள் அது.

அப்போதுதான் ஜாக்கி யோசனை வந்தது. லாரிக்காரர்கள் டயர் மாற்ற வைத்திருக்கிறார்களே, அந்தப் புட்டி வடிவ எண்ணெய் ஜாக்கி. உறுதியான இரும்புச் சட்டத்துக்குள் அதை நிறுத்தி, இரண்டு தட்டுக்கு நடுவே லினோவையும் தாளையும் வைத்து அழுத்துவது. உலகம் முழுக்க வீட்டிலேயே அச்சடிக்கும் பலர் இப்படிச் செய்துகொள்கிறார்கள். உருளை வைத்த கடைச்சரக்கு அச்சுப்பொறிகளின் விலை எனக்கு எட்டாது. எங்கள் வீட்டு வாடகையில் என் பங்கைக் கட்டுவது படங்கள் இல்லை, சனி ஞாயிறு நான் எடுக்கும் பிள்ளைகள் ஓவிய வகுப்பு. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

இரும்பைத் தொடும் முன் படத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கதை அதிலேதான் போய் முட்டுகிறது.

எங்களுக்குப் பெரம்பூர், முதல் மாடி. பின்பக்கம் பால்கனியாக இருந்ததைக் கம்பி போட்டு மறைத்து 8 அடிக்கு 10 அடி அறை ஆக்கியிருக்கிறோம். வடக்குப் பார்த்த ஜன்னல். காலை 5 மணிக்கு மோட்டார் போட எழுந்தால், தொட்டி நிறையும் வரை அரை மணி நேரம் எனக்கே எனக்கு. அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகக் கண்ணில் படுவதைக் கிறுக்குவது வழக்கம். 'இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது' என்று கேட்பவர்களுக்கு என் உண்மையான பதில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்து. நோட்டுப் புத்தகத்தில் காக்கை, கொடிக்கயிறு, முருங்கை, எதிர்வீட்டு மின்சார மீட்டர் பெட்டி என்று ஒரே பொருள் நூறு முறை இருக்கும். அதில் அதிகம் இருப்பது கீழ்வீட்டு அடிபம்பு.

வடசென்னையின் பழைய தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். குழாய்த் தண்ணீருக்கு மேலேறத் தெம்பு இருக்காது. அதனால் வீட்டு வாசலில் வார்ப்பிரும்பில் ஒரு குட்டைப் பம்பு இருக்கும். முழங்கால் உயரம், வளைந்த கைப்பிடி, பச்சையோ நீலமோ பெயின்ட். அதன் முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை. படம் அதுதான். கறுப்பில் பம்பும் குடங்களும், வரிசையில் ஒரே ஒரு குடம் மட்டும் ஆரஞ்சு. பாத்திரக்கடைக்காரர் "பித்தளைக் குடமா போட்டுடுங்களேன்" என்று கேட்டார். பம்பு வாசலில் பித்தளைக் குடத்தை இப்போது யார் வைக்கிறார்கள்? கொஞ்ச நேரம் பேசிப் பார்த்து, பிளாஸ்டிக்குக்குச் சம்மதித்தார். பெரிய மனசுதான். அவர் விற்பது எவர்சில்வரும் பித்தளையும்.

லினோ பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1860களில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் தரை விரிப்பாகக் கண்டுபிடித்த சரக்கு இது. கெட்டிப்பட்ட ஆளிவிதை எண்ணெயில் தக்கைத் தூள் கலந்து சணல் துணி மேல் படியவைத்தது. மரத்தைப் போல ரேகை ஓட்டம் இல்லாததால் உளி நாலா பக்கமும் போகும். குளிர் தேசங்களில் சூடு காட்டி இளக்கிவிட்டுச் செதுக்குவார்கள். பெரம்பூரில் அந்தக் கவலை கிடையாது, சித்திரையில் வெண்ணெயாகவே இருக்கும். செதுக்கிய இடம் தாளில் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. 1930 உப்புச் சத்தியாகிரகத்தின்போது நந்தலால் போஸ் செதுக்கிய, கோலூன்றி நடக்கும் காந்தியைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பின் மேல் வெள்ளைக் கோடுகள் மட்டுமே. அது லினோ அச்சு. எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும் என்று தெரிந்துகொள்ள அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

கடையின் பெயரும் படத்துக்குள்ளே வர வேண்டும் என்றார்கள். தமிழில் லினோ செதுக்குபவருக்கு முதல் எதிரி புள்ளி. எழுத்தைக் கறுப்பாக நிறுத்திச் சுற்றி வெட்டினால், மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றரை மில்லிமீட்டர் தீவாகத் தனியே நிற்கும். உளி லேசாக இடித்தால் போச்சு. எனக்கு 'பாத்திர மாளிகை'யின் 'த்' அப்படித்தான் 'த' ஆயிற்று. அதனால் அந்த ஓரத்தையே கறுப்புப் பட்டையாக்கி, எழுத்தை வெள்ளையாகக் குடைந்தேன். இப்போது புள்ளி என்பது உளிமுனையால் ஒரு குத்து, ஒரு திருகு. எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். டிரேசிங் தாளைக் குப்புறப் போட்டால் அது தானாக நடந்துவிடும். நடுவில் கையால் 'சரிசெய்ய' மட்டும் போகக்கூடாது. எழுத்து என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1710களில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. தாள் கட்டுப்படியாகாமல், இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் புள்ளி படுத்தியிருக்கும்.

சரி, இரும்புக்கு வருவோம்.

புதுப்பேட்டையில் பழைய 6 டன் ஜாக்கி ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்காரர் கண்முன்னே ஒரு இன்ஜின் பிளாக்கைத் தூக்கிக் காட்டினார். அயனாவரம் பக்கம் கேட் கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை ஒன்று எனக்குப் பழக்கம், ஜன்னல் கம்பி போட்டதும் அவர்தான். கணக்கு நோட்டில் வரைந்து எடுத்துப் போனேன். 75 மில்லிமீட்டர் 'சி' வடிவ இரும்புச் சேனலில் ஒரு செவ்வகச் சட்டம். அடியில் 12 மில்லிமீட்டர் தடிமனில் 35க்கு 45 சென்டிமீட்டர் தட்டு. மேல் விட்டத்திலிருந்து ஜாக்கி தலைகீழாகத் தொங்க வேண்டும். அதன் தண்டு கீழே இறங்கி இரண்டாவது தட்டை அழுத்த வேண்டும்.

"எதுக்கு மேடம் இது?"

"படம் அச்சடிக்க, அண்ணா."

"கரும்பு மெஷின் மாதிரி இருக்கு" என்றார். ஆனால் வரைந்தபடியே கச்சிதமாகச் செய்துவிட்டார். இரும்பு 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கிலோ 70 ரூபாய் வீதம். கூலி 2,500. பெயின்ட், போல்ட்டு, பட்டறையிலிருந்து வர ஆட்டோ எல்லாம் சேர்த்து 8,000 ரூபாயைத் தொட்டது. முதல் மாடிக்கு ஏற்ற என் கணவரும் பட்டறைப் பையன்கள் இருவரும். படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் விழுந்த கீறலுக்கு வீட்டுக்காரரிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.

முதல் சோதனை. மை உருட்டினேன், தாளை வைத்தேன், ஜாக்கியின் கைப்பிடியை அடித்தேன். பத்து அடி, இருபது அடி. தண்டு அரை அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. கைப்பிடி கனமே இல்லாமல் கொழகொழவென்று ஆடியது. வால்வைத் திறந்து மூடினேன். மறுபடி நாற்பது அடி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் புதுப்பேட்டைக்குப் போய்ச் சண்டை போடுவதற்கான வசனம்கூடத் தயார்.

அத்தை காபியோடு வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள்.

"ஏம்மா, இதுவும் பம்புதானே? உள்ள எண்ணெய் இருக்குன்னு சொன்ன?"

"ஆமா அத்தை."

"பம்பைத் தலைகீழா மாட்டிட்டு அடிச்சா காத்துதான் வரும். தண்ணி கீழ இல்ல இருக்கும்?"

கையில் உருளையோடு அப்படியே நின்றேன். ஜாக்கிக்குள் நடப்பது அடிபம்பில் நடப்பதுதான். கைப்பிடியைத் தூக்கும்போது ஒரு குட்டிப் பிஸ்டன் எண்ணெயை உறிஞ்சும், அழுத்தும்போது ஒருவழி வால்வு வழியாகப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளும். எண்ணெய் உறிஞ்சும் துளை தொட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. தலைகீழாக்கினால் அடி மேலாகிவிடும், எண்ணெய் இந்தப் பக்கம் தேங்க, துளை காற்றில் நிற்கும். நான் உறிஞ்சிக்கொண்டிருந்தது காற்றை. காற்று நசுங்கும், எண்ணெய் நசுங்காது. மூன்று வாரமாக அடிபம்பைக் கோடு கோடாகச் செதுக்கியவள் நான். வாழ்நாளெல்லாம் அதை அடித்தவர் அத்தை. யாருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

தீர்வு சுலபம், ஆனால் சட்டம் மறுபடி பட்டறைக்கு இறங்க வேண்டும். ஜாக்கி நிமிர்ந்தே நிற்கட்டும். அதை மேல் தட்டின் முதுகில் உட்காரவைத்து, தண்டு மேல்நோக்கிப் போய் விட்டத்தை முட்டும்படி செய்வது. விட்டம் நகராது, ஆகவே தட்டு கீழே இறங்கும். வேலை முடிந்து வால்வைத் திறந்தால் தட்டு தானாக மேலே போக வேண்டுமே? அதற்கு விட்டத்திலிருந்து நாலு ஸ்பிரிங்கில் தட்டைத் தொங்கவிட வேண்டும். பைக் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் நாலு, மெக்கானிக் கடையில் பழசு சும்மாவே கிடைத்தது. தட்டும் ஜாக்கியும் சேர்ந்து 20 கிலோ வரும், நாலும் தாங்கிக்கொண்டன. ஜாக்கியின் அடி நழுவாதபடி தட்டில் ஒரு வளையமும், தண்டின் தலை உட்கார விட்டத்தில் ஒரு சின்னக் கிண்ணமும் பற்றவைத்தோம். இப்படிச் செய்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பாரம் ஏறியபின் ஜாக்கி சறுக்கினால் முதலில் அகப்படுவது கைதான். போகிற போக்கில் இன்னொரு வேலையும் செய்தோம். ஜாக்கி ஒரே புள்ளியில் அழுத்துவதால் தட்டு நடுவில் வளையும் என்று வெல்டிங் அண்ணா சந்தேகப்பட்டு, அதன் முதுகில் சேனல் துண்டுகள் இரண்டைக் குறுக்கே பற்றவைத்தார்.

சட்டம் பட்டறையில் கிடந்த அந்த வாரம் நான் சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சை அகப்பையாலேயே முடித்தேன். இளநிறம் முதலில், கறுப்பு அதன் மேல் என்பதுதான் முறை. ஆரஞ்சுக் குடம் மொத்தம் 40 சதுர சென்டிமீட்டர்கூட இருக்காது. லினோவில் குடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி, முழுப்படத்தின் அளவுள்ள அட்டையில் ஒட்டிக்கொண்டேன். மேசையில் எல் வடிவில் ஒட்டிய அட்டை மூலையில் அதைப் பொருத்தி, தாளின் மூலையையும் அங்கேயே முட்டவைத்தால், பிறகு கறுப்பு வரும்போது குடம் இடம் மாறாது. பிரதிக்கு ஒரு நிமிடம். 118 தாள் வெட்டியிருந்தேன், பருத்தித் துணிக் கூழில் செய்த கைத்தாள். இரண்டே மாலையில் முடிந்தது. தோளும் ஒன்றும் சொல்லவில்லை.

காயவைப்பதுதான் பாடு. ஐப்பசி அடைமழை. நான் பயன்படுத்துவது அச்சகங்களில் பயன்படும் ஆஃப்செட் மை. ஒரு கிலோ டின் வாங்கினால் இரண்டு வருடம் வரும். அதில் மெக்னீசியம் கார்பனேட் பொடி கொஞ்சம் பிசைந்தால் லினோவுக்கு வேண்டிய பதம் வரும். பதம் தெரிவது கண்ணில் இல்லை, காதில். கண்ணாடி மேல் உருளை ஓடும்போது, வடைச்சட்டியில் எண்ணெய் காய்ந்து வரும் நேரத்தில் எழுமே ஒரு சிடுசிடுப்பு, அந்தச் சத்தம் கேட்க வேண்டும். சளசளவென்று கேட்டால் மை அதிகம். இந்த மை தண்ணீர் வற்றிக் காய்வது இல்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. ஈரக் காற்றில் அது மெதுவாகத்தான் நடக்கும். வீடு முழுக்கக் கொடி கட்டி, துணி கிளிப்பில் 118 ஆரஞ்சுக் குடங்கள். ஒரு கொடியில் மகளின் பள்ளிச் சீருடை, அடுத்த கொடியில் குடம். அவளுடைய வெள்ளைச் சட்டைத் தோளில் ஒரு குடம் இன்றைக்கும் மங்கலாகத் தெரியும். ஐந்து நாள் ஆயிற்று விரலில் ஒட்டாமல் வர. மழையால் ஒரு லாபமும் உண்டு. வெயில் காலத்தில் தாளுக்குத் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவேன். ஐப்பசியில் தாளே பதமாக இருந்தது.

சட்டம் திரும்பி வந்தது. இந்த முறை ஜாக்கி ஜம்மென்று ஏறியது. கறுப்பு மை, முதல் தாள், பன்னிரண்டு அடி. தூக்கிப் பார்த்தால் பம்பின் இடப்பக்கம் அட்டைக் கறுப்பு. வலது கீழ் மூலையில், கடைப் பெயர் இருக்கும் இடத்தில், வெறும் சாம்பல். இன்னும் நாலு அடி கூட்டினேன். இடப்பக்கம் மை பிதுங்கிக் கோடுகள் அடைத்துக்கொண்டன. வலப்பக்கம் அதே சாம்பல். தாளுக்கு மேலே மெத்தென்று எதையாவது வைத்தால் சமன்படும் என்று மகளின் பழைய யோகா மேட்டை வெட்டி வைத்தேன். அது இன்னும் மோசம். மெத்தை தாளைச் செதுக்கிய பள்ளத்துக்குள்ளேயே அமுக்கிவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் உளித்தடம் புழுதி போல ஏறி வந்தது.

வெல்டிங் அண்ணா போனிலேயே காரணம் சொன்னார். "குறுக்க சேனல் வெச்சோம்ல, அது இழுத்திருக்கும் மேடம்." பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கும், தட்டைத் தன் பக்கம் இழுக்கும். நேர்விளிம்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மூலையில் ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் கேட்டுக்கு ஒன்றுமில்லை. அச்சுக்கு அது ஒரு பள்ளத்தாக்கு. லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய மறுபடி இறக்க வேண்டும், செலவும் இருக்கிறது. அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, தங்கசாலைப் பக்கம் அச்சகத்தில் முப்பது வருடம் டிரெடில் என்ற பழைய அச்சு மெஷின் ஓட்டிய பெரியவர் இருக்கிறார். அவர் பேரன் என் ஓவிய வகுப்பில் இருக்கிறான். பையனைக் கூப்பிட வந்தவரிடம் சாம்பல் அடித்த தாளைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"எத்தனை டன்னும்மா?"

"ஆறு டன் ஐயா. போதலையோ?"

"அழுத்தத்தைக் கூட்டாத. அடியில தாளைக் கூட்டு."

அவர்கள் காலத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் பிளாக் வைத்து ஓட்டும்போது, முகம் மங்கினால் மெஷினைத் தொடமாட்டார்களாம். பிளாக்கின் அடியில், முகத்துக்கு நேராக மட்டும், டிஷ்யூ தாளைக் கிழித்து ஒட்டுவார்கள். வெட்டாமல் கிழிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். வெட்டினால் விளிம்பு அச்சில் கோடாகத் தெரியும். கிழித்தால் ஓரம் மெலிந்து கரைந்துவிடும்.

அவர் போன பிறகுதான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முன்னாலேயே போட்டிருக்கலாம். குளியலறை எடை மெஷின் மேல் பலகை வைத்து அகப்பையால் வழக்கம்போல் தேய்த்துப் பார்த்தால், 8 முதல் 10 கிலோ காட்டியது. சிரட்டை முதுகு தாளைத் தொடும் இடம் 2 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்கு 4, 5 கிலோ. ஜாக்கியின் 6,000 கிலோவை 600 சதுர சென்டிமீட்டர் படத்துக்குப் பங்கிட்டால் 10 கிலோ. ஆறு டன் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, அகப்பையைவிட இரண்டு மடங்குதான். அகப்பையில் நல்ல அச்சு விழுந்தது என் பலத்தால் இல்லை. மேடு பள்ளம் எங்கே இருந்தாலும் சிரட்டை தேடிப்போய்த் தொட்டது, மங்கிய இடத்தில் கை தானாக இன்னும் நாலு சுற்று சுற்றியது. அந்தத் தேடலை இரும்புத் தட்டுக்கு நான் தாளால் செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்த விதம் இது. செதுக்காத லினோ ஒன்றைப் படம் இருக்கும் இடத்தில் வைத்து, மேலே வெள்ளைத் தாள், அதன் மேல் கார்பன் தாள் மைப்பக்கம் கீழாக, அதன் மேல் அட்டை. இறுக்கி எடுத்தால், அழுத்தம் எங்கே எவ்வளவு என்று ஊதா நிறத்தில் நிலப்படம் போலக் கிடைத்துவிடும். அதில் வெளிறிய பகுதியைப் பென்சிலால் எல்லை கட்டினேன். அதே வடிவில் செய்தித்தாளைக் கிழித்து, லினோவின் அடியில் இருக்கும் அட்டையில் மைதா பசையால் ஒட்டினேன். மறுபடி கார்பன் சோதனை. இன்னும் வெளிறிய இடத்தில் அடுத்த அடுக்கு, சற்றுச் சின்னதாக. மூலையில் மட்டும் ஒன்பது அடுக்கு ஏறியது. பார்ப்பதற்கு மலைப்பகுதி வரைபடம் மாதிரியே இருக்கிறது. யோகா மேட்டை வீசிவிட்டு, தாளுக்கு மேலே ஒரு கெட்டி அட்டையும் நாலு செய்தித்தாளும் மட்டும். பசை காய ஒரு இரவு. மறுநாள் ஏழே அடி அடித்து எடுத்தேன். கடைப் பெயரில் 'த்' புள்ளியோடு பளிச்சென்று நின்றது.

அதன்பின் சொல்ல அதிகமில்லை. மூன்று நாள், காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை, கறுப்பு ஓடியது. மை உருட்ட ஒரு நிமிடம், தாளைப் பொருத்த ஒரு நிமிடம், அடித்து இறக்கிக் கொடியில் போட இரண்டு நிமிடம். மதியம் வீட்டில் எல்லோரும் படுத்தபின் நல்ல அமைதி கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் ஃபேன் ஓடும், தாள் பறக்கும். ஆகவே காலைதான். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அன்றைய குப்பையை எண்ணுவாள். மொத்தம் 14 போயிற்று. அதில் ஐந்து தாள் கோணலாக வைத்தது, நாலு என் கட்டைவிரல் ரேகை, மீதி மை அதிகம். 104 தேறியது. உருளையையும் கண்ணாடியையும் துடைக்க அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெய், அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. மண்ணெண்ணெய் வேண்டாம். சின்ன அறையில் அந்த நாற்றத்தோடு குடும்பம் நடத்த முடியாது.

சரியாகக் காயவே கார்த்திகை முடிந்துவிட்டது. மார்கழி மூன்றாம் தேதி 100 படத்தையும் கடையில் கொடுத்தேன். அவர்கள் கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே தேதிக் கட்டை அடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஆரஞ்சுக் குடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம வீட்லயும் இதே கலர்தான் இருக்கு, வெளிய சொல்லாதீங்க" என்றார். பணத்தோடு ஒரு எவர்சில்வர் கரண்டியும் தந்தார், அத்தைக்கு. அத்தை அதைப் பரணில் போட்டுவிட்டு, "என் அகப்பை எப்ப வரும்?" என்கிறார்கள். வராது. சின்ன வண்ணத்துக்கெல்லாம் 60 கிலோ இரும்பை எழுப்புவதில் நியாயமில்லை.

மீந்த நாலு படத்தில் ஒன்று டிரெடில் பெரியவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பெயர்ப் பட்டையின் ஓரத்தில் ஒரு இடம் இன்னும் அரைத்தாள் மங்கல் என்று அதைக் காட்டிச் சொன்னார். அவர் சொன்னபின் எனக்கும் தெரிகிறது.

நேற்றுக் காலை மோட்டார் போட எழுந்தபோது ஜாக்கியின் கழுத்தடியில் எண்ணெய் ஒரு சொட்டு. துடைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இன்னொரு சொட்டு. அத்தையிடம் சொன்னேன். பூக்கட்டிக்கொண்டிருந்த கை நிற்காமலே, "வாஷர் போயிருக்கும்" என்றார்கள்.

புதுப்பேட்டைக்கு சனிக்கிழமை வகுப்பு முடிந்து போக வேண்டும்.